ஆவணியில் பார்த்துவிட்டு வெறுங்காணி என்று எழுதாதீர்கள்

யாழ்ப்பாண மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுவின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும், அந்தக் குழுவுக்குக் காணி விபரம் தயாரித்துக் கொடுக்கும் திணைக்கள அலுவலர்களுக்கும்,

வணக்கம்.

கேட்க வந்தது ஒன்றுதான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காக்கைதீவிலிருந்து கல்லுண்டாய் வெளி ஊடாக அராலி வரையிலும், பண்ணைப் பாலத்துக்கு அப்பால் மண்டைதீவு, வேலணைக் கரைகளிலும் பரவைக்கடலை, அதாவது ஆழமில்லாத கடலேரியை, ஒட்டிய காணி எதையும் எந்தத் தேவைக்கு ஒதுக்குவதானாலும், அந்த இடத்தை ஓர் ஆண்டு முழுக்கப் பார்த்து எழுதிய பறவைப் பதிவு ஒன்று கோப்பில் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் கோப்பைத் திருப்பி அனுப்புங்கள்.

இப்படிக் கேட்பதற்குக் காரணம் உண்டு. கரையோரக் காணிகளைப் பார்க்க அதிகாரிகள் வருவது பெரும்பாலும் ஆடி, ஆவணியில்தான். மாரியில் வாகனம் இறங்காது, சப்பாத்து புதையும், எல்லைக்கல் தண்ணீருக்குள் இருக்கும். சில ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு திட்டத்துக்காகக் கல்லுண்டாய் வெளிக்கு ஒரு குழு வந்தது. எந்த அலுவலகம் என்பது இங்கே தேவையில்லை. காலை பத்து மணி வெயில். சோளகக் காற்று உப்புத் தூசியை வாரி முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. வாகனத்தை வீதியோரம் நிறுத்தி, கைபேசியில் நாலைந்து படம் எடுத்து, சிறிது நேரத்தில் ஏறிப் போய்விட்டார்கள். பிறகு அந்த விண்ணப்பத்தின் பிரதி ஒன்று என் கண்ணில் பட்டது. ‘தற்போதைய பயன்பாடு’ என்ற இடத்தில் ‘வெற்று நிலம்’. ‘வனசீவராசிகள்’ என்ற இடத்தில் ‘இல்லை’.

அவர்கள் பொய் எழுதினார்கள் என்று நான் சொல்லமாட்டேன். நின்ற நேரத்தில் கண்ணுக்குப் பட்டதை எழுதினார்கள். ஆனால் இந்த வெளி மாதத்துக்கு மாதம் வேறு வேறு உயிர்களுக்குச் சோறு போடுகிற இடம். ஒரு முற்பகலில் எட்டிப் பார்ப்பவருக்கு அது பிடிபடாது. நான் அராலியிலிருந்து நகருக்கு வேலைக்குப் போய் வருகிறவன். போகும்போதும் வரும்போதும் சைக்கிளை மதகுக் கட்டில் சாத்திவிட்டுத் தொலைநோக்கியால் பார்ப்பதும், பார்த்ததைக் கொப்பியில் குறிப்பதும் நெடுநாள் பழக்கம். கீழே எழுதுவது அந்தக் கொப்பிகளிலிருந்துதான்.

ஆவணியையே எடுத்துக்கொள்வோம். நல்லூரில் கொடியேறுகிற நாட்களில் வடக்கேயிருந்து சேற்றில் இரை தேடுகிற முதல் உள்ளான்கள் வந்திறங்கத் தொடங்கிவிடும். வளைந்த மூக்குள்ள சின்ன உள்ளான் ஒன்று உண்டு. அது முட்டையிட்டுக் குஞ்சு பொரிப்பது வட சைபீரியாவின் உறைநிலச் சமவெளியில் மட்டும்தான். அங்கே கோடை சில வாரங்களே. அந்தச் சில வாரங்களில் குடும்பத்தை நடத்தி முடித்துவிட்டு, தாய் தந்தைப் பறவைகள் முதலில் புறப்பட்டுவிடும். குஞ்சுகள் பிந்தி, வழிகாட்டுவார் இல்லாமலே வரும். ஆவணியில் கல்லுண்டாயில் வந்து நிற்கிறவற்றைக் கிட்டத்தில் பார்த்தால், வயிற்றுப் பக்கத்தில் செங்கல் நிறம் திட்டுத் திட்டாக மிச்சம் இருக்கும். கோடைக்குப் போட்ட உடுப்பு முழுதாகக் கழரவில்லை. ஐப்பசிக்குள் அது சாம்பலும் வெள்ளையுமாக மாறிவிடும். அந்தக் குழு படம் எடுத்த அதே நாளில், வீதியிலிருந்து கூப்பிடு தூரத்தில், சேற்று நிறத்தோடு சேர்ந்து இவை மேய்ந்துகொண்டுதான் இருந்தன. தொலைநோக்கி இல்லாமல், வெயிலுக்கு எதிரே பார்த்தால் ஒன்றும் தெரியாது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஐப்பசியில் கொண்டல் காற்றுத் திரும்பி மழை விழுந்தால் இடமே வேறு. ஆறுமணிக்குருவி அந்த நாட்களில்தான் கடல் தாண்டி வந்து, களைத்துப்போய், வீட்டுச் சுவரிலும் யன்னல் கண்ணாடியிலும் மோதி விழும். அது பற்றைக்காட்டுப் பறவை, இந்த மடலுக்குள் வராது. என்றாலும், உங்கள் அலுவலக விறாந்தையில் பச்சையும் நீலமுமாக ஒரு குருவி மயங்கிக் கிடந்தால், அதை ஒரு காட்போட் பெட்டிக்குள் இருட்டில் வைத்துப் பின்னேரம் திறந்துவிடச் சொல்லுங்கள்.

வெளியின் கதைக்கு வருகிறேன். குடாநாட்டுக்கு வாய்த்த ஒரே ஆறு வழுக்கை ஆறு, அதுவும் மாரியில் மட்டும் ஓடுவது. தெல்லிப்பழைப் பக்கத்து வெள்ளத்தையெல்லாம் கூட்டிக்கொண்டு வந்து அராலியில் பரவைக்கடலில் சேர்க்கிறது. நன்னீரும் உப்புநீரும் கலக்கிற அந்த ஆழமில்லாத தண்ணீரில் புழுவும் பூச்சியும் சின்ன இறாலும் பெருகும். கார்த்திகையிலும் மார்கழியிலும் தூரத்துத் தண்ணீரில் கறுப்பாக ஒரு கோடு தெரியும். செம்பருந்து ஒன்று தாழப் பறந்தால் அந்தக் கோடு உடைந்து எழும்பும். அப்போதுதான் அவ்வளவும் வாத்து என்று தெரியும். ஊசிவால் வாத்து, நெற்றியில் வெளிர் மஞ்சள் பட்டை தீட்டிய நாமத்தலை வாத்து, நீலச்சிறகி. மீன்பிடிக்க நட்ட களங்கட்டித் தடிகளில் தடிக்கு ஒன்றாக ஆலாக்களும் நீர்க்காகங்களும் குந்தியிருக்கும். வீதியோர மின்கம்பியில் இரட்டைவால் குருவி. நமக்கு அது சாதாரணம். இலங்கையில் அந்தக் கறுப்புக் குருவி வடக்கு, வடமேற்குக் கரையோரத்தை விட்டு உள்ளே போவதில்லை. தெற்கிலிருந்து வருகிற பறவைப் பிரியர்கள் அதைப் பார்க்கவே வண்டியை நிறுத்துவார்கள்.

தையிலும் மாசியிலும் தண்ணீர் வற்றத் தொடங்கும்போதுதான் இந்த வெளியின் உண்மையான பெறுமதி தெரியும். அலுவலர்கள் மனதில் இருத்த வேண்டிய விடயம் இதுதான் என்பதால் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

நம் பரவைக்கடலில் வற்றும் பெருக்கும் பெரிதாக இல்லை. தண்ணீர் எங்கே நிற்கும் என்பதைக் காற்றும் மழையும்தான் கூடுதலாகத் தீர்மானிக்கின்றன. வாடை ஓங்கி வீசினால் எங்கள் பக்கத்துக் கரையிலிருந்து தண்ணீர் விலகிச் சேறு வெளிப்படும். அப்போது பறவைகள் நிற்கிற ஒழுங்கைப் பாருங்கள். ஈரச் சேற்றில், தண்ணீர் இல்லாத இடத்தில், குட்டை மூக்குள்ள உப்புக்கொத்திகள் ஓடி ஓடிக் கண்ணால் தேடிக் கொத்தும். கணுக்கால் அளவு தண்ணீரில் சின்ன உள்ளான்கள், தையல் மெசின் ஊசி மாதிரி மூக்கைக் குத்திக் குத்தி எடுக்கும். அதற்கப்பால் நெடுங்கால் உள்ளான். வயிறு நனைகிற ஆழத்தில் கருவால் மூக்கன், தலையே தண்ணீருக்குள் போகிற அளவுக்கு மூக்கைச் செருகும். இன்னும் அப்பால் பூநாரை, தலையைக் கவிழ்த்து, வாயை வடிகட்டியாக வைத்துச் சேற்றுத் தண்ணீரை உறிஞ்சி வெளியே தள்ளும். ஒரு இனத்துக்கும் அடுத்த இனத்துக்கும் இடையில் ஆழ வித்தியாசம் இரண்டு மூன்று அங்குலம். கால் நீளமும் மூக்கு நீளமும் அப்படிப் பங்கு பிரித்து வைத்திருக்கின்றன. ஒரு சாண் உயரத்துக்குக் கட்டட இடிபாட்டைக் கொட்டிப் பரவினால் அங்கே தண்ணீர் நிற்காது, சேறு ஊறாது, புழு வாழாது. இரவோடிரவாக உழவு இயந்திரப் பெட்டிகளில் வந்து கொட்டுகிறவர்களுக்கு இது தெரியாது. உங்களுக்குத் தெரிய வேண்டும்.

பூநாரைகள் போன பிறகு சேறு காயும்போது ஒரு அடையாளம் விட்டுப் போகும். நின்ற இடத்திலேயே சுற்றிச் சுற்றி மிதித்துக் கலக்கித்தான் அவை இரை எடுக்கும். வற்றிய தரையில் வட்ட வட்டமாக, நடுவில் மேடும் சுற்றிப் பள்ளமுமாக அந்தச் சுவடு கிடக்கும். வெறுங்காணி என்று எழுதப்பட்ட தரையில் இந்த வட்டங்களைப் பார்த்திருக்கிறேன். எதைத் தேடுகிறோம் என்று தெரிந்தவருக்கு அதுவே போதிய சாட்சி. பூநாரை நம்மிடம் கூடு கட்டுவதில்லை. குஜராத்தின் கட்ச் உப்புச் சதுப்பில் பெருங்கூட்டமாகக் குஞ்சு பொரிக்கிறது. இங்கே அது வருவது சாப்பாட்டுக்கு.

பங்குனியில் புறப்பாட்டு ஆயத்தம். கருவால் மூக்கனின் கழுத்தும் நெஞ்சும் செம்மை ஏறும். வாரக்கணக்கில் இடைவிடாது தின்று, உடலில் கொழுப்பைச் சேர்த்த பிறகுதான் அவை நீண்ட பயணம் எழும்பும். வழியில் இமயமலை இருக்கிறது. கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மன்னாரில் கடற்காகங்களுக்கு ஜிபிஎஸ் கருவி பூட்டி அனுப்பினார்கள். அவற்றில் ஒன்று ரஷ்யாவின் வடதுருவக் கரை வரை போய்த் திரும்பியது பதிவாகியிருக்கிறது. மன்னாரிலிருந்து நம் கரை எவ்வளவு தூரம்? அதே வான்வழிதான் இங்கும். அந்தப் பங்குனி நாட்களில்தான் பெடியள் ட்ரோன் கொண்டு வருகிறார்கள். பூநாரைக் கூட்டம் எழும்பிச் சிவப்பாகத் திரும்புகிற காட்சி காணொளிக்கு வடிவுதான். ஆனால் ஒரு பின்னேரத்தில் திரும்பத் திரும்பக் கிளப்பினால், அவை சேர்த்த கொழுப்பு அங்கேயே கரைந்துபோகும். இதற்குப் பெரிய திட்டம் ஒன்றும் வேண்டாம், மூன்று மொழியில் ஒரு அறிவித்தல் பலகை வைத்தாலே பாதிப்பேர் கேட்பார்கள். நம் பெடியள் சொன்னால் விளங்குகிறவர்கள்.

சித்திரைக்குப் பிறகு வெளி காய்ந்து வெடித்து, உப்புத் தரையில் வளர்கிற உமரிப் பற்றை மட்டும் சிவந்து நிற்கும். ஒன்றுமே இல்லை என்று எல்லோரும் நினைக்கிற காலம் இது. அப்போதுதான் இங்கேயே பிறந்து இங்கேயே இருக்கிற பறவைகள் முட்டையிடுகின்றன. ஆக்காட்டி, நெடுங்கால் உள்ளான், சின்ன ஆலா, இவற்றோடு கைக்குள் அடங்குகிற ஒரு உப்புக்கொத்தி. வெகுகாலம் ஐரோப்பாவரை பரவியிருக்கிற ஒரு இனத்தின் உள்ளூர் வடிவம் என்றே அதைக் கருதினார்கள். 2023 இல் மரபணுவையும் உருவத்தையும் ஒப்பிட்டுப் பார்த்து, அது தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் உரிய தனி இனம் என்று ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். வைத்த பெயர் அனுமன் உப்புக்கொத்தி. இராமர் அணைப் பக்கத்துப் பறவை என்பதால் அந்தப் பெயர்.

அதன் கூட்டை நீங்கள் பார்த்தால் கூடு என்று சொல்லமாட்டீர்கள். உப்புத் தரையில் ஒரு சின்னக் குழி, சுற்றிவர நாலு சிப்பித் துண்டு, நடுவில் மண் நிறத்தில் கறுப்புக் கோடு கிறுக்கிய இரண்டு மூன்று முட்டை. கண்ணை எடுத்துவிட்டுத் திரும்பப் பார்த்தால் கண்டுபிடிக்க முடியாது. ஆள் நெருங்கினால் தாய் சத்தமில்லாமல் எழும்பி ஓடிப்போய், தூரத்தில் சிறகு முறிந்ததுபோல் இழுத்து நடித்து நம்மை வேறு பக்கம் கூட்டிக்கொண்டு போகும். வெயில் கொதிக்கிற நடுப்பகலில், ஆக்காட்டி வயிற்று இறகைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு வந்து முட்டைக்கு மேல் நிற்கும், அவியாமல் காப்பாற்ற. மாரியில் வர முடியாது என்று கோடையில் வருகிற வாகனம் இறங்குகிற தரை இதுதான்.

இந்த முட்டைகளுக்கு வாகனத்தை விடப் பெரிய எதிரி காகமும் கட்டாக்காலி நாயும். இரண்டும் இந்த வெளியில் பெருகியதற்கு நகரத்துக் குப்பை மேடு ஒரு முக்கிய காரணம். அது எரிகிற நாளில் புகையைக் கிழித்துக்கொண்டுதான் வீதியால் போக வேண்டியிருக்கிறது. சோளகத்துக்குப் பறக்கிற பொலித்தீன் பைகள் உமரியில் சிக்கி நிற்கும். இதைப் பற்றி உங்கள் கூட்டங்களில் ஏற்கெனவே நிறையக் கதைத்துவிட்டார்கள். நான் சேர்ப்பது ஒன்றே: குப்பைப் பிரச்சினை தீராமல் பறவைப் பிரச்சினை தீராது.

சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் 1937 இலிருந்து இருக்கிறது. பறவையைக் கொன்றால் அது கேட்கும். பறவை இரை தேடுகிற சேற்றை மூடினால் அநேகமாகக் கேட்பதில்லை. காப்பிடமாகப் பிரகடனப்படுத்திய இடங்கள் வேறு. சுண்டிக்குளம் 1938 இல் சரணாலயம், 2015 இல் தேசிய பூங்கா. மன்னார் வங்காலை 2008 இல் சரணாலயம், 2010 இல் ராம்சார் என்ற சர்வதேச உடன்படிக்கையில் சேர்ந்த ஈரநிலம். நகரத்திலிருந்து சைக்கிளில் போய்ப் பார்க்கக்கூடிய கல்லுண்டாய் அந்த வரிசையில் இல்லை. சுற்றாடல் தாக்க மதிப்பீடு தேவைப்படுகிற திட்டங்களை 1993 ஆம் ஆண்டு வர்த்தமானி பட்டியலிடுகிறது. அதில் ஈரநிலம் நிரப்புவதும் உண்டு, ஆனால் 4 ஹெக்டேயருக்கு மேல் இருந்தால்தான். நம் கணக்கில் அது ஏறத்தாழ 158 பரப்பு. நூறு பரப்பாக ஒருவர், அதற்குப் பக்கத்தில் இன்னொரு நூறு பரப்பாக அடுத்தவர் என்று நிரப்பினால் அந்த வரம்பு யாரையும் பிடிக்காது. பத்து ஆண்டில் முழு வெளியும் போய்விடும், ஒரு மதிப்பீடும் இல்லாமல். ஒவ்வொரு துண்டும் தனித்தனிக் கோப்பாக வந்தாலும் எல்லாக் கோப்பும் கடைசியில் வந்து சேர்கிற மேசை உங்களுடையது என்பதால்தான் இந்த மடல் உங்களுக்கு.

மண்டைதீவைப் பாருங்கள். 2025 செப்டம்பர் 1 ஆம் திகதி சர்வதேச கிரிக்கெட் மைதானத்துக்கு அடிக்கல் வைத்தார்கள். ஈரநிலமும் பறவைகளும் பற்றிய விவாதம் பொதுவெளியில் சூடுபிடித்தது அதற்குப் பிறகு. மைதானம் வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. நல்ல மைதானம் இல்லாமல் எத்தனை தலைமுறைப் பெடியள் திறமையோடு வீட்டில் இருந்தார்கள் என்பது தெரியும். கல் வைப்பதற்கு முந்திய ஆண்டில் ஒருவர் மாதாமாதம் போய் எண்ணியிருந்தால், எந்தத் துண்டில் கட்டலாம், எந்தத் துண்டைத் தொடக்கூடாது என்று அமைதியாக இருந்து பேசியிருக்கலாம். கல் வைத்த பிறகு பேசினால் ஒரு பக்கம் விளையாட்டின் எதிரி, மறுபக்கம் இயற்கையின் எதிரி என்றுதான் முடியும்.

பறவைக்காக மனிதரை மறக்கிறான் இவன் என்று யாராவது சொல்லலாம். கல்லுண்டாயில் குடியேறியிருக்கிற குடும்பங்களைக் கேட்டுப் பாருங்கள். மாரி வந்தால் வெள்ளம் வாசலுக்கு வருகிறது. கோடையில் பார்த்துக் கொடுத்த காணி. ஓர் ஆண்டு பார்த்திருந்தால், வாத்து நீந்துகிற இடத்தில் வீட்டுத் திட்டம் வந்திராது. அந்தச் சனத்துக்கு உயரமான நிலத்தில் ஒரு துண்டு கிடைத்திருக்கும்.

எண்ணுவதற்கு ஆள் எங்கே என்பது அடுத்த கேள்வி. ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987 இலிருந்து ஒவ்வொரு ஜனவரியும் நடக்கிறது. ஆனால் அது தை மாதத்துக் கணக்கு மட்டும். போர்க்காலத்தில் தொலைநோக்கியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கரையில் நிற்க எவருக்கும் துணிவு வராது, சோதனைச் சாவடியில் என்ன விளக்கம் சொல்வது? அதனால் பல ஆண்டுக் கணக்கு நமக்கு இல்லை. இப்போது தடையில்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் துறை இருக்கிறது. கரையோரப் பாடசாலைகளில் சுற்றாடல் கழகங்கள் இருக்கின்றன. களங்கட்டி வைக்கிற தொழிலாளர்களுக்கு எந்த மாதம் எந்தப் பறவை எங்கே இறங்கும் என்பது எங்களைவிட நன்றாகத் தெரியும்; அவர்களுக்கு ஒரு நாள் கூலி கொடுத்துக் கூட்டிச் செல்லுங்கள், இலவசமாகக் கேட்க வேண்டாம். ஒரு வீதிக்குப் போடுகிற கிரவலின் செலவில் பத்திலொன்றும் வராது.

பதிவும் சிக்கலானதில்லை. மாதம் இரண்டு தடவை, விடியவும் பின்னேரமும். திகதி, நேரம், காற்றுத் திசை, தண்ணீர் நிற்கிற அளவு, இனம், எண்ணிக்கை, அது இரை எடுக்கிறதா, ஓய்வெடுக்கிறதா, முட்டையில் இருக்கிறதா. இவ்வளவும் ஒரு பக்கத்தில் அடங்கும். பன்னிரண்டு மாதத்துக்கு இருபத்து நாலு பக்கம். அதைக் காணி வரைபடத்தோடு சேர்த்துக் குத்திவிட்டால், ‘வனசீவராசிகள்’ என்ற கட்டத்தை நிரப்ப யாரும் வெயிலில் வந்து நிற்க வேண்டியதில்லை.

அடுத்த நல்லூர்க் கொடியேற்றத்தோடு தொடங்கினால் அதற்கடுத்த ஆடிக்கு முதல் ஆண்டுப் பதிவு கையில் இருக்கும். அதுவரை ஒப்பிட்டுப் பார்க்க ஏதாவது வேண்டுமென்றால் என் கொப்பிகளைத் தருகிறேன். சில பக்கங்களில் மழை பட்டு மை ஊறியிருக்கிறது, வாசித்துக் காட்ட நானே வருவேன். ஒளிப்பிரதி எடுத்துவிட்டு மூலத்தைத் திருப்பித் தந்தால் போதும்.

இப்படிக்கு,
அராலியிலிருந்து ஒரு பறவை பார்ப்பவன்